மறு: ‘எவிக்‌ஷன்’: வெளியேற்றமா, குடிநீக்கமா?

குழுவினருக்கு வணக்கம். வாடகைக்கு இருப்பவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதான ‘எவிக்‌ஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘வெளியேற்றம்’ என்று நல்ல சொல் இருக்கும்போது புதிதாக ஏன் ஒன்று?

ஐயா, கட்டுரைக்கு என்றால் நானும் அதோடு விட்டிருப்பேன். வரைபடத்தின் ஓரத்தில் இரண்டு மூன்று சொற்களுக்கே இடமுள்ள குறிவிளக்கத்தில்தான் அது காலை வாருகிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியலாளர் மேத்யூ டெஸ்மண்ட் தொடங்கிய ‘எவிக்‌ஷன் லேப்’ 2018இல் வெளியிட்ட அமெரிக்க வரைபடத்தை வைத்து, தரவுக் காட்சிப்படுத்தல் பாடம் ஒன்று எழுதிவருகிறேன். நீதிமன்ற ஆவணங்களைத் திரட்டி வரைந்தது அது. 2016க்கு அதில் இரண்டு எண்கள்: காலி செய்விக்கக் கோரிய வழக்குகள் சுமார் 23 லட்சம், காலி செய்யச் சொன்ன தீர்ப்புகள் சுமார் 9 லட்சம். இரண்டுக்கும் ‘வெளியேற்றம்’ என்றே எழுதினால், அந்த ஆண்டு 23 லட்சம் குடும்பங்கள் சாமான்களோடு தெருவுக்கு வந்தன என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நியூயார்க் நகரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 2017இல் அங்கே பதிவான வழக்குகள் 2 லட்சத்துக்கும் மேல். நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அலுவலரான மார்ஷல் நேரில் வந்து வீட்டைக் காலி செய்வித்தது சுமார் 21 ஆயிரம் முறை. அதற்காக வழக்கை வெறும் காகிதம் என்று தள்ளிவிடவும் முடியாது. பணத்தைக் கட்டி அதே வீட்டில் இருப்பவர்களும் உண்டு, பயந்து முன்கூட்டியே கிளம்பிவிடுபவர்களும் உண்டு. வாடகை தாமதமானாலே வழக்குப் போட்டு, ஒரே குடும்பத்தின்மேல் ஆண்டுக்குப் பலமுறை பதிகிற வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். வழக்கில் வாடகைதாரரே ஜெயித்தாலும், பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் வழியாக அடுத்த வீட்டுக்காரரின் மேசைக்கு அவர் பெயர் போய்விடலாம். ஆகவே வழக்கு, தீர்ப்பு, காலி செய்விப்பது ஆகிய மூன்றும் படத்தில் தனித்தனியாகத் தெரிந்தாக வேண்டும்.

‘வெளியேற்றம்’ ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. கழிவுநீருக்கும் அதுதான், நாடு கடத்தலுக்கும் அதுதான். இலங்கைத் தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டால் 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதே நினைவுக்கு வரும். அந்த வரலாற்றுக்குரிய சொல்லை வாடகைப் பாக்கிக்கு இழுக்க எனக்கு மனம் வரவில்லை. செய்தித்தாள்களில் வரும் ‘ஆக்கிரமிப்பு அகற்றம்’ சரியே வராது. அங்கே குடியிருந்தவர் குற்றவாளி என்று சொல்லே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

சென்ற வாரம் நானே முன்வைத்த ‘குடியெழுப்பு’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். கட்டடம் எழுப்புவதுபோல் ஒலிக்கிறது என்று சகோதரி ஒருவர் எழுதியது சரி. வெளியே அனுப்புவதைச் சொல்லப் போய், புதிதாகக் கட்டுவதைச் சொல்லிவிடுகிறது.

இப்போது என் பரிந்துரை ‘குடிநீக்கம்’. ‘பணிநீக்கம்’ எல்லோருக்கும் தெரியும்: அதிகாரம் உள்ளவர் ஆணை போட்டு இன்னொருவரை விலக்குவது. அதே சாயல் இதிலும் விழுகிறது. அடுக்கவும் எளிது: குடிநீக்க வழக்கு, குடிநீக்கத் தீர்ப்பு, குடிநீக்கம். கடைசிச் சொல்லைத் தனியாக எழுதினால், ஆள் உண்மையில் வீட்டைவிட்டுப் போனதை மட்டுமே குறிக்க வேண்டும்.

> மதுப்பழக்கத்தை விடுவது என்று படிக்க மாட்டார்களா?

தனியாகப் பார்த்தால் படிக்கலாம். படத்தின் தலைப்பில் மட்டும் ‘வாடகைக் குடிநீக்கம்’ என்று முழுதாக எழுதினால் போதும். குடிக்கூலி, குடிபுகுதல், குடியேற்றம் எல்லாம் இதே குடியோடு புழங்கிவந்த சொற்கள்தாமே.

‘எவிக்‌ஷன் ரேட்’டுக்கு விகிதமா, வீதமா என்று இங்கே நீண்ட விவாதம் ஓடியது. எனக்கு இரண்டுமே வேண்டாம். ‘நூறு வாடகை வீடுகளுக்கு’ என்றே எழுதலாம். வகுக்கும் எண் எது என்பது அதில் வெளிப்படையாகிவிடுகிறது. சொந்த வீட்டுக்காரர்களை அது எண்ணுவதில்லை. தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில் 2016இல் நூறு வாடகை வீடுகளுக்கு 16.5 தீர்ப்புகள். மொத்த எண்ணிக்கையை வட்டங்களாக வரைந்தால் பெருநகரங்களின் வட்டங்களுக்கு நடுவே இந்த ஊர் கண்ணுக்கே தட்டாது. நூறு வீடுகளுக்கு எத்தனை என்று வரைந்தால்தான் பெரிய நகரங்களில் அது முதலிடத்தில் நிற்பது தெரியும்.

வெற்றிடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ஆவணம் கிடைக்காத வட்டாரத்தை வெளிர் நிறத்தில் விட்டால், பார்ப்பவர் அங்கே யாரும் துரத்தப்படவில்லை என்று ஆறுதல் அடைவார். கோடு போட்டு நிரப்பி, ‘தரவு கிடைக்கவில்லை’ என்று எழுதுவோம். ‘இல்லை’ என்ற ஒற்றைச் சொல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீதிமன்றத்துக்கே போகாமல், பூட்டை மாற்றியோ தண்ணீரை நிறுத்தியோ, ‘மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லியோ அனுப்புகிறார்களே, அதற்கு என்ன சொல்வது? ‘வழக்கிலாக் குடிநீக்கம்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். நாக்கில் ஒட்டவில்லை. உங்கள் ஊர்களில் இதற்குப் புழங்கும் சொல் இருந்தால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமைவரை அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.