ஒன்லைன் ஓடர்: பில்லில வற் (பெறுமதி சேர் வரி) இரண்டு தரம், பாங்க் காட்டில காசும் இரண்டு தரம்

கோண்டாவில்வாசி:
கொழும்புக் கடையொண்டின்ர வெப்சைற்றில அரைக் குதிரைவலு கிணத்து மோட்டர் ஒண்டு ஓடர் பண்ணினது. பக்கத்தில விலை 23,600 ரூபா, கீழ சின்ன எழுத்தில "வற் உட்பட" எண்டு இருந்தது. ஈமெயிலில வந்த பில் இப்பிடி:

மோட்டர் 23,600
வற் 18% 4,248
டெலிவரி 750
மொத்தம் 28,598

இன்னொரு பிரச்சினையும் இருக்கு. முதல் தரம் ஓடிபி அடிச்ச உடன பக்கம் சுத்திக்கொண்டே நிண்டு "பேமென்ற் ஃபெயில்ட்" எண்டு வந்தது. திரும்ப அடிக்க சரிவந்தது. ஆனா பாங்கில இருந்து 28,598 எண்டு இரண்டு மெசேஜ், இரண்டு நிமிச வித்தியாசத்தில. டெபிட் காட். கணக்கில 57,196 குறைஞ்சிட்டுது. நேற்று பின்னேரம் நடந்தது, சாமான் இன்னும் வரேல்லை. கடைக்கு அடிச்சா "பாங்கோட கதையுங்கோ" எண்டினம், பாங்குக்கு அடிச்சா "கடையோட கதையுங்கோ" எண்டினம். ஆரைப் பிடிக்கிறது?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரையும்தான், ஆனா வேற வேற விசயத்துக்கு. ஒரே முறைப்பாட்டில இரண்டையும் போட்டுக் குழப்பினதாலதான் பந்து மாதிரி அங்கயும் இஞ்சயும் உதைபடுறியள். வற் பிழை கடையின்ர பிழை. இரட்டைக் கழிவு, அதாவது ஒரே காசை இரண்டு தரம் எடுத்தது, பாங்கோட பேச வேண்டியது. நான் வற் கணக்கை மட்டும் சொல்லுறன்.

வற் உட்பட்ட விலையில இருந்து வரியைப் பிரிக்கேக்க 18 சதவீதத்தால பெருக்கக் கூடாது, 1.18 ஆல பிரிக்க வேணும். 23,600 ஐ 1.18 ஆல பிரிச்சா 20,000. மிச்சம் 3,600தான் வரி, அது விலைக்குள்ளயே கிடக்கு. உங்கட கடை செய்திருக்கிறது வரிக்கு மேல வரி. நீங்கள் கட்டியிருக்க வேண்டியது 23,600 உம் 750 உம், 24,350. கூட எடுத்தது 4,248. ஈமெயிலில இந்த ஒரு எண்ணை மட்டும் கேளுங்கோ. "கூடக் காசு எடுத்திட்டியள்" எண்டு பொதுவா எழுதினா டெலிவரிச் செலவைப் பற்றி ஒரு விளக்கம் எழுதி அனுப்பிப்போட்டு இருந்திடுவினம்.

பில்லில வற் இலக்கம் இருக்கோ பாருங்கோ. ஒன்பது இலக்கமும் அதுக்குப் பிறகு 7000 உம் வரும். வற்றுக்குப் பதியாதவை வற் எண்டு ஒரு சதமும் அறவிடேலாது. இலக்கம் இல்லாட்டி, இருந்தும் சந்தேகமா இருந்தா, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தை 1944 இல கேக்கலாம்.

அந்த "வற் உட்பட" எண்ட வரியை உடன ஸ்கிரீன்சொட் எடுங்கோ. முகவரிக் கட்டமும் திகதியும் தெரியிற மாதிரி. நீங்கள் ஈமெயில் போட்ட அண்டைக்கே அந்த வரி காணாமப் போகலாம். அது இல்லாட்டி உங்கட கேஸ் பாதியா மெலிஞ்சிடும்.

வெப்வேலை_திருநெல்வேலி:
இது கள்ளமா எண்டு கேட்டா, பெரும்பாலும் சோம்பேறித்தனம். வூகாமர்ஸ் மாதிரிக் கடை மென்பொருளில "நான் போடுற விலையில வரி அடங்கியிருக்கு" எண்டும் "அடங்கேல்லை" எண்டும் ஒரு தெரிவு இருக்கு. அடங்கின விலையைப் பதிஞ்சுபோட்டு இரண்டாவதைத் தெரிஞ்சு வைச்சா, செக்கவுட் பக்கத்தில மேலதிகமா 18 சதவீதம் ஏறும். "வற் உட்பட" எண்டது வெறுமன கையால அடிச்ச எழுத்து, அதுக்கும் கணக்குக்கும் தொடர்பில்லை. 2024 தை 1 இல வற் 15 இல இருந்து 18 ஆனபோது விலையையும் வரியையும் தனித்தனியாத் திருத்தின கடையளில இது நடக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

ஈமெயிலில இதையும் ஒரு வரி எழுதுங்கோ: "உங்கட வெப்சைற்றின்ர வரித் தெரிவைப் பாருங்கோ." கஸ்டமர் சேவையில இருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் விளங்காது, ஆனா ஐடி ஆளுக்கு அனுப்பினா அஞ்சு நிமிசத்தில பிடிபடும்.

காட்மேசை:
இரட்டைக் கழிவுக்கு வருவம். "ஃபெயில்ட்" எண்டு வந்தாலும் மெசேஜ் வந்ததெண்டா, உங்கட பாங்க் அந்தக் காசுக்குச் சம்மதம் குடுத்திட்டுது, ஆனா அந்தப் பதில் கடையின்ர பக்கத்துக்குப் போய்ச் சேரேல்லை. இணைப்பு அறுந்தா, இல்லாட்டி பக்கம் நேரம் முடிஞ்சு போனா இப்பிடி நடக்கும். இந்த நிலையில காசு கடைக்குப் போகேல்லை, உங்கட கணக்கில பூட்டி வைச்சிருக்கு. கிரெடிட் காட்டெண்டா எல்லை மட்டும் குறையும், பெரிசாத் தெரியாது. டெபிட் காட்டில இருப்பே குறைஞ்சு காட்டுறதால காசு போன மாதிரிக் கிடக்கும்.

பாங்க் அப்பில இரண்டு எண்ணைப் பாருங்கோ: கணக்கு இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தா அது இன்னும் பூட்டுத்தான். கடை அந்தச் சம்மதத்தைப் பாவிச்சுக் காசைக் கோராட்டி பூட்டு தானா விடும். சில நாளிலும் விடலாம், சில பாங்கில இரண்டு மூண்டு கிழமையும் இழுக்கும். ஸ்ரேற்மென்றில இரண்டு வரியா ஏறியிட்டுதெண்டா அது உண்மையான இரட்டைக் கழிவு.

பாங்குக்கு அடிக்கேக்க ஒண்டை மட்டும் செய்யாதேங்கோ. "இது நான் செய்யேல்லை" எண்டு சொல்லாதேங்கோ. சொன்னா அது மோசடிக் கேஸாப் பதியப்படும், காட்டை உடன நிப்பாட்டிப் புதுக் காட் போடுவினம். பிறகு ஓடிபி அடிச்ச பதிவைப் பார்த்திட்டு உங்கட முறைப்பாட்டைத் தள்ளுவினம். சொல்ல வேண்டியது: "ஒரு ஓடர், இரண்டு கழிவு, ஒண்டு எனக்குரியது, மற்றது இரட்டிப்பு." இரண்டு மெசேஜிலயும் உள்ள நேரத்தையும், ஒவ்வொண்டின்ர அனுமதி இலக்கத்தையும் குடுங்கோ. கடைக்கும் அந்த இரண்டு இலக்கத்தையும் அனுப்பி, எது தங்கட பதிவில இருக்கு, எது இல்லை எண்டு எழுத்தில கேளுங்கோ. "ஒண்டுதான் எங்களுக்கு வந்தது" எண்டு அவை எழுதித் தந்தா பாங்கில அலுவல் லேசு.

வீசா விதியில இரட்டைக் கழிவைத் தகராறாக்க 120 நாள் வரை இருக்கு, மாஸ்டர்காட்டில அதைவிடக் குறைவு. அதை நம்பி இருக்க வேண்டாம். பாங்கின்ர சொந்த நிபந்தனையில இதைவிடக் குறைஞ்ச நாளும் இருக்கலாம், ஸ்ரேற்மென்ற் பின்பக்கத்தில பாருங்கோ.

அந்த 4,248 க்குப் பாங்கால பெரிசா உதவேலாது. 28,598 எண்ட தொகையைப் பார்த்துத்தான் ஓடிபி அடிச்சியள் எண்டு சொல்லுவினம்.

கோண்டாவில்வாசி:
நன்றி. அப்பில பார்த்தன், இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 28,598. அப்ப ஒண்டு ஏறியிட்டுது, மற்றது பூட்டு. கடை இப்ப பதில் போட்டிருக்கு: 4,248 க்கு "வவுச்சர்" தருவினமாம், அடுத்த ஓடரில கழிக்கலாமாம். வேண்டாமெண்டா கணக்கு இலக்கம் அனுப்பட்டாம்.

கணக்குப்பிள்ளை:
வவுச்சர் வேண்டாம். பிழை அவையின்ர, அதுக்காக நீங்கள் இன்னொரு சாமான் வாங்க வேணுமோ? "பணம் செலுத்திய அதே காட்டுக்கு 4,248 ரூபா மீளளிப்பும், திருத்திய பில்லும்" எண்டு திருப்பி எழுதுங்கோ. திருத்தின பில் முக்கியம், உத்தரவாதக் காலத்தில மோட்டர் பழுதானா அந்தப் பில்லைத்தான் கேப்பினம்.

காட்மேசை:
கணக்குக்கு அனுப்புறதெண்டா பெயர், பாங்க், கிளை, கணக்கு இலக்கம் போதும். காட்டின்ர பின்பக்க மூண்டு இலக்கமோ ஓடிபியோ கேட்டா அது கடையில்லை, கள்ளன். காசு உள்ள வர ஓடிபி தேவையில்லை.

காட்டுக்குத் திருப்பினம் எண்டு சொன்னா, அந்தத் திருப்பலுக்கு 23 இலக்கக் குறிப்பு எண் (ஏஆர்என்) ஒண்டு இருக்கும், கடையிட்டக் கேட்டு வாங்குங்கோ. ரிஃபண்டின்ர ஏஆர்என் எண்டு சொன்னா விளங்கும். காசு வரத் தாமதமானா பாங்கால அந்த எண்ணை வைச்சுத் தேடேலும். இல்லாட்டி "எங்களுக்கு வரேல்லை" எண்டதோட கதை முடியும்.

பூட்டுக்குப் பாங்கில முறைப்பாடு பதிஞ்ச பிறகு அது தானா விட்டா, உடன பாங்குக்குச் சொல்லுங்கோ. ஒரே காசு இரண்டு வழியால வந்தா பிறகு ஒண்டைத் திருப்பி எடுப்பினம், அப்ப கணக்கில காசு இல்லாட்டி வேற தலையிடி.

கச்சேரியடி:
கடை ஒரு கிழமைக்குள்ள மசியாட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்க வேணும். 1977 க்கு அடிச்சுக் கேக்கலாம், ஆனா கதைச்சதோட விடாதேங்கோ, கடிதமாக் குடுங்கோ. கொழும்புக் கடையெண்டாலும் யாழ்ப்பாணத்தில மாவட்டச் செயலகத்தில இருக்கிற அலுவலகத்தில குடுத்துப் பார்க்கலாம், தமிழில எழுதலாம். இணைக்க வேண்டியது: விலைப் பக்கத்தின்ர ஸ்கிரீன்சொட், பில், பாங்க் மெசேஜ், கடையோட நடந்த ஈமெயில். எல்லாம் பிரதி, மூலத்தைக் குடுக்காதேங்கோ. உங்கட பிரதியில திகதி முத்திரை அடிச்சு வாங்குங்கோ.

பாங்க் இழுத்தடிச்சா முதல் அந்தப் பாங்கின்ர முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, அதுக்கும் பதில் சரியில்லாட்டி மத்திய வங்கியின்ர 1935. பாங்குக்கு எழுதாம நேர அங்க போனா திருப்பி அனுப்புவினம்.

கோண்டாவில்வாசி:
நாளைக்கு மோட்டர் வருதாம். காசுப் பிரச்சினை முடியிற வரைக்கும் அதைக் கிணத்தில பொருத்தாம வைச்சிருக்க வேணுமோ? கிணத்தில பழசு நிண்டிட்டுது, தண்ணி அள்ளித்தான் குளிக்கிறம்.

கச்சேரியடி:
தாராளமாப் பொருத்துங்கோ. நீங்கள் சாமானைத் திருப்பிக் குடுக்கேல்லை, தொகையைத்தான் கேக்கிறியள். பெட்டியை மட்டும் எறியாதேங்கோ. அதில ஆகக்கூடிய சில்லறை விலை ஒட்டியிருந்தா தொடர் இலக்கத்தோட சேர்த்துப் படம் எடுங்கோ. அதில 23,600 எண்டு இருந்து அவை 27,848 எடுத்திருந்தா, குறிச்ச விலைக்கு மேல வித்த கேஸும் சேரும். கடிதத்தில அதை முதல் வரியா எழுதுங்கோ.