தமொக்சிபெனைத் 'தடுப்பி' என்று எழுதலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

திருகோணமலையில் மார்புப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பெண்களுக்கான கைநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல் மட்டும் நிற்கிறது: தமொக்சிபென் எந்த வகை மருந்து?

சென்ற பதிப்பில் நான்தான் 'ஈஸ்திரஜன் தடுப்பி', அதாவது ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோனைத் தடுப்பது, என்று போட்டேன். மூதூரிலிருந்து வரும் ஒரு அம்மா அந்தத் தாளை நாலாக மடித்துக் குளிசைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். மாதவிடாய் நின்று ஆறு வருடம். மறுபடி இரத்தம் பட்டதை நாலு மாதமாக யாருக்கும் சொல்லவில்லை. "ஓமோனைத் தடுக்கிற குளிசைதானே பிள்ளை, கருப்பைக்கு என்ன வரப்போகுது?" என்றார். உட்படை தடித்திருந்தது. நல்ல காலம், புற்று இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

உயிரணுவில் ஈஸ்திரஜன் போய் அமரும் இடமான வாங்கியில் (receptor) தமொக்சிபெனும் அமர்கிறது. மார்பில் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஈஸ்திரஜனை அண்டவிடாது. கருப்பையின் உட்படையிலோ ஈஸ்திரஜனின் வேலையை ஓரளவு தானே செய்கிறது. மாதவிடாய் நின்றவர்களின் எலும்பிலும் அப்படித்தான், அங்கே அது நன்மை. வாங்கியோடு கூடும் துணைப்புரதங்கள் உறுப்புக்கு உறுப்பு வேறு, அதனால்தான் இந்த வித்தியாசம். வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம், 5 வருடம், சிலருக்கு 10. இவ்வளவு காலம் விழுங்குகிறவருக்குப் பெயரிலேயே இது தெரிய வேண்டும். 'இடமறி மருந்து' என்று வைக்கலாமா?

— உப்புவெளியிலிருந்து

*

'இடமறி' அழகு. ஆனால் 'ஓமோன்' எதற்கு? 1905இல் ஸ்டார்லிங் அச்சொல்லை எடுத்தது 'இயங்கச் செய்' என்ற கிரேக்க வேரிலிருந்து. நமக்கு 'இயக்குநீர்' இருக்கிறது. ஈஸ்திரஜனின் வேரோ, மாட்டைக் கடித்து வெறியேற்றும் ஈ! பெண்ணின் உடலில் ஊறுவதற்கு ஈயின் பெயரா? 'பெண்மைநீர்' என்போம். மருந்து 'ஈரியல்பி'. ஒரு மேனியில் இரு வடிவம் கொண்ட கோணேசர் ஊரிலிருந்து கேட்கிறீர்கள், இதை நீங்களே சொல்லியிருக்க வேண்டும்.

— யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

*

ஐயா, குளிசையைக் கையில் கொடுத்து 'நீர்' என்றால் பாணிமருந்து எங்கே என்று கேட்பார்கள். மருந்துக் கடையில் நிற்கிறவள் சொல்கிறேன். மார்பை இழந்து வருகிறவரிடம் 'பெண்மைநீர்த் தடுப்பி' என்று வாசிக்க எனக்கு நா எழாது. இதே குடும்பத்துக் குளோமிபீனைப் பிள்ளைக்காக ஏங்கும் பெண்ணுக்குக் கொடுக்கிறோம். ஈஸ்திரஜன் குறைந்துவிட்டது என்று மூளையை எண்ணவைத்து, அதன் வழியாகச் சூலகத்தைத் தூண்டும் மருந்து அது. அவரிடமும் அப்படியே சொல்வதா?

— கிண்ணியா

*

தமிழ்நாட்டில் 'வாங்கி' என்றால் கடனாளி நினைவுதான் வரும். 'ஏற்பி' என்று போடுங்கள். அப்புறம் 'இடமறி': மருந்து எதையும் அறிவதில்லை, உறுப்புத்தான் தீர்மானிக்கிறது. 'கத்தியால் வெட்டினான்' என்பதில் ஆல் கருவி, 'மழையால் நின்றது' என்பதில் ஏது. உருபு ஒன்றுதான், சேரும் இடம் பொருளை மாற்றுகிறது. ஆகவே 'உறுப்புவழி மருந்து'. இன்னொன்று: புரோஜெஸ்தரோன் என்ற இன்னொரு பெண் ஓமோனை 1940களில் மெக்சிக்கோக் காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த பொருளை மாற்றி ஆக்கினார்கள். அந்தக் கிழங்கு உங்கள் இராசவள்ளிக்கு இனம். கிழங்கின் பெயரால் ஒரு சொல் ஆக்கினால் என்ன?

— மதுரை

*

கிழங்கை இன்னொரு நாள் பேசுவோம், நேரமில்லை. இங்கே பள்ளிக்கூடத்தில் 'வாங்கி' என்றே படித்தோம், அது நிற்கட்டும். 'உறுப்புவழி' சரியான சொல்தான், ஆனால் 'வாய்வழி' போல, உட்கொள்ளும் வழி என்று எடுத்துவிடுவார்கள். ஆகவே 'இடமறி' என்றே போடுகிறேன். கீழே தடித்த எழுத்தில்: "மார்பில் தடுக்கும். கருப்பையில் தூண்டும். இரத்தம் பட்டால் அடுத்த தவணைவரை காத்திராமல் வாருங்கள்."

நேற்று மூதூர் அம்மாவிடம் படி ஒன்றைக் காட்டினேன். 'தூண்டும்' என்ற சொல்லில் விரலை வைத்து, "இதை முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார்.

— உப்புவெளி

*

அச்சுக்குப் போகட்டும். 'ஓமோன்' என்பதற்கு என் உடன்பாடு இல்லை என்பதையும் பதிந்துகொள்ளுங்கள்.

— யாழ்ப்பாணம்