மதிப்பீட்டு முடிவை மகளிடம் சொல்லலாமா?

கேள்வி (வெள்ளவத்தை, தாய்):
பதினைந்து வயதான என் மகளுக்கு ஓட்டிசம் எனும் வளர்ச்சிசார் வேறுபாடு இருப்பதாக மதிப்பீட்டு அறிக்கை உறுதிப்படுத்தியுள்ளது. சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை மறைக்குமாறு மாமியார் சொல்கிறார்; எனக்கு மனம் ஒப்பவில்லை. வைத்தியருடனான அடுத்த சந்திப்புக்கு அவளையும் அழைத்துச் செல்லலாமா?

மறுமொழி:
அழைத்துச் செல்லுங்கள், சகோதரி. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துக் கூறும் உரிமையை, இலங்கை 1991இல் ஏற்புறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை பிள்ளைக்கு வழங்குகிறது. ஆயினும் முதலில் நீங்களே வீட்டில் அமைதியாகச் சொல்லி, அவள் கேட்க விரும்புபவற்றை எழுதி வைக்கச் செய்யுங்கள். அந்நியர் முன்னிலையில் முதன்முறையாகக் கேள்வியுற்ற என் மகன் இரண்டு வாரங்கள் எவருடனும் பேசவில்லை.

மறுமொழி:
அறிக்கையைத் தமிழில் விளக்குமாறு கேளுங்கள். அதில் ‘இரண்டாம் நிலை’ என்பது போல ஒரு நிலை குறிக்கப்பட்டிருந்தால், அது தேவைப்படும் ஆதரவின் அளவே, அறிவின் அளவன்று. என் மகள் அதைப் பரீட்சைப் புள்ளியென எண்ணி அழுதாள்.

கேட்டவர்:
நன்றி. இன்றிரவே அவளிடம் பேசுகிறேன்.