யூசுஃபிரக்ட்: ‘துய்ப்புரிமை’ சரிவருமா?

> இதற்குப் ‘போக்கியம்’ போதாதா? பத்திரத்திலேயே வழங்கும் சொல் ஆயிற்றே.

ஐயா, வணக்கம். யூசுஃபிரக்ட் (usufruct) என்றால் பிறர் உடைமையைப் பயன்படுத்தி, அதன் பலனையும் எடுத்துக்கொள்ளும் உரிமை. அதற்குத் தமிழில் ‘போக்கியம்’ போதாதா என்கிறீர்கள்.

வழங்குகிற சொல் என்பதுதான் இடிக்கிறது. காரைக்குடியில் ‘வீட்டைப் போக்கியத்துக்கு விட்டாச்சு’ என்றால் அடுத்த கேள்வி ‘எத்தனை லட்சம், எத்தனை வருஷம்?’ என்பதே. போக்கியமோ ஒற்றியோ, உள்ளே ஒரு கடன் உட்கார்ந்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது: கடன் கொடுத்தவர் சொத்தைச் சுவாதீனம் எடுத்து, வாடகையையும் விளைச்சலையும் வட்டிக்கோ அசலுக்கோ வரவு வைத்துக்கொள்வார். கடன் தீர்ந்தால் சொத்து திரும்பிவிட வேண்டும்.

யூசுஃபிரக்டில் கடனுக்கே வேலை இல்லை. ரோமச் சட்ட மரபில் உடைமைக்கு மூன்று கூறு: பயன்படுத்துவது, பலன் எடுப்பது, விற்பது அல்லது அழிப்பது. முதல் இரண்டு ஒருவரிடம், மூன்றாவது இன்னொருவரிடம் என்று பிரிந்தால் அதுதான் இது. நம் ஊர் ஆயுட்கால உரிமை மிக அருகில் வரும். அப்பச்சி (அப்பா) வீட்டை மகன் பெயருக்கு எழுதி, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) ஆயுள் வரை அனுபவம் வைக்கிறார். ஆத்தா குடியிருக்கலாம், முகப்பைக் கல்யாணத்துக்கோ படப்பிடிப்புக்கோ விட்டு வாடகையை வைத்துக்கொள்ளலாம், பின்கட்டுத் தென்னையில் காய் இறக்கலாம். ஆனால் பர்மாத் தேக்குத் தூணைப் பெயர்த்துப் பழம்பொருள் கடையில் போட முடியாது. தேங்காய் பலன், தூண் சொத்தின் உடம்பு. (ஆத்தா இருக்கும்வரை மகனும் தூணில் கைவைக்க முடியாது.) பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பு, 578ஆம் பிரிவில், உடையவரைப்போலவே துய்க்கலாம், பொருளின் மூலம் கெடக்கூடாது என்று வரம்பையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

‘அனுபோகம்’ நெருங்குகிறது, ஆனால் ‘எதிரிடை அனுபோகம்’ என்று உரிமையில்லாத கைவசத்துக்கும் அது ஓடுகிறது. ‘நுகர்வுரிமை’யை நுகர்வோர் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. மிஞ்சுவது ‘துய்ப்புரிமை’.

பத்திரத்தில் வைத்துப் பாருங்கள்: ‘மேற்படி வீட்டின் உடைமையை இன்றே உனக்குக் கொடுத்து, உன் தாயாருக்கு ஆயுட்காலத் துய்ப்புரிமையை ஒதுக்கியிருக்கிறேன்.’ இதில் ‘இன்றே’ முக்கியம். அதை விட்டு ‘என் காலத்துக்குப் பின் உனக்குச் சேரும்’ என்று மட்டும் எழுதினால் அது உயிலாகப் படிக்கப்படலாம். உயிலை எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

---

> மிஞ்சுவது ‘துய்ப்புரிமை’.

எனக்குச் சம்மதம். உரிமை பெற்றவர் ‘துய்ப்பாளர்’. எதிர்ப்பக்கத்துக்கும், அதாவது துய்ப்பு இல்லாமல் உடைமை மட்டும் உள்ளவருக்கும், ஒரு சொல் வேண்டுமே? பிரெஞ்சு மரபை அப்படியே பிடித்தால் ‘வெற்றுடைமையாளர்’ என்று வரும். அந்தப் பெயரில் எந்த மகன் கையெழுத்துப் போடுவான்? ‘மூலவுடைமையாளர்’ என்றே வைக்கலாம்.

பழுதுச் செலவையும் பிரித்து எழுத வேண்டும், சண்டை பெரும்பாலும் அங்கேதான். பிரெஞ்சுத் தொகுப்பில் அன்றாடப் பராமரிப்பு துய்ப்பாளர் தலையில். தாங்கு சுவர், உத்திரம், முழுக் கூரை உடையவர் தலையில். நம் பத்திரங்களில் பெரும்பாலும் ‘அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். நாலு ஓடு உடைந்தால் யார், கூரையே இறங்கினால் யார், வீட்டு வரி யார் என்று மூன்று வரி கூடுதலாகப் போட்டால் போதும்.