8 மி.மீ. கடல் நத்தை: நூடிபிராங்க்கா, வேறு இனமா?

கேள்வி:
வணக்கம். ஆழமற்ற நீரில், பச்சைப் பாசியின் மேல் ஊர்ந்துகொண்டிருந்த சுமார் 8 மி.மீ. நீளமுள்ள ஓடற்ற கடல் நத்தை ஒன்றைப் படமெடுத்தேன். உடல் வெளிறியது; முதுகின் இருபுறமும் இலை போன்ற பச்சை நீட்சிகள், அவற்றின் நுனியில் இளஞ்சிவப்பு. தலையில் ஒரு சோடிக் கொம்பு; அதனிடையே நெருக்கமாக இரண்டு கரும்புள்ளிகள். முதுகு நீட்சிகளை வைத்து, ஏயோலிட் வகை நூடிபிராங்க் (நூடிபிராங்க் என்பது ஓடற்ற கடல் நத்தைகளின் ஒரு குழு; ஏயோலிட் அதில் முதுகு நீட்சிகளுள்ள பிரிவு) என்று குறித்துவிட்டேன். நண்பர் ஒருவர் ஏற்கவில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?

மறுமொழி 1:
உங்கள் நண்பர் சொல்வதே சரி என்று நினைக்கிறேன். முதுகு நீட்சிகளான செராட்டா ஏயோலிட்டுகளிலும், சாகோகுளோசா என்ற இன்னொரு கடல் நத்தைக் குழுவிலும் உண்டு என்பதால், அதை மட்டும் நம்பினால் பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ஏயோலிட்டுகளுக்கு ரைனோஃபோர் எனப்படும் உணர்கொம்புகளோடு, வாயருகே இன்னொரு சோடி உணர்நீட்சிகளும் இருக்கும். உங்கள் நத்தைக்கு அவை இல்லையென்றால், பாசியின் சாற்றை உறிஞ்சி வாழும் சாகோகுளோசா குழுவைத்தான் முதலில் எண்ண வேண்டும். நெருங்கிய கண்களும் (அந்தக் கரும்புள்ளிகள் கண்களே) பச்சை நீட்சிகளும் கோஸ்டாசியெல்லா பேரினத்தைச் சுட்டுகின்றன. பச்சை நிறம், உண்ட பாசியின் பசுங்கணிகங்கள் செரிமானச் சுரப்பியின் கிளைகளில் தங்குவதால் வருவது. 1993இல் விவரிக்கப்பட்ட கோஸ்டாசியெல்லா குரோஷிமே இத்தோற்றமுடையதுதான். ஆனால் ஒத்த தோற்றமுள்ள வேறு இனங்களும் இருப்பதால், படத்தை மட்டும் வைத்து இனப்பெயர் எழுத நான் துணியமாட்டேன்.

மறுமொழி 2:
எந்தப் பாசி என்பதையும் குறித்து வையுங்கள்; இக்குழுவில் இரையே பாதி அடையாளம். கொம்பைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை: தொந்தரவுக்குள்ளான நத்தை அதைச் சுருக்கிக்கொள்ளும், நீரைவிட்டு வெளியே எடுத்தால் உடல் குழைந்து எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே நீருக்குள் அது தானாக நகரும்வரை பொறுத்திருந்து, மேலிருந்தும் முன்னிருந்தும் படமெடுங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். குரோமோடோரிஸ் என்ற நூடிபிராங்க் பேரினத்தில் வெவ்வேறு இனங்கள் ஒரே நிறக்கோலத்தைச் சூடியிருப்பதுண்டு. (பெயரையும் கவனிக்க: கடல் அட்டை என்று எழுதினால் அது வேறு விலங்கு.)

கேள்வி கேட்டவர்:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாயருகே நீட்சி எதுவுமில்லை. ஒவ்வோர் இலைக்குள்ளும் பச்சைக் கிளைகள் நரம்புபோல் ஓடுகின்றன. பாசி விசிறி வடிவில், கம்பளித்துணிபோல் சொரசொரப்பாக இருந்தது. ஏயோலிட் என்ற குறிப்பை நீக்கி, கோஸ்டாசியெல்லா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுமொழி 1:
அந்த வடிவம் அவ்ரைன்வில்லியா பாசிக்குப் பொருந்துகிறது; கோஸ்டாசியெல்லாக்கள் வழக்கமாகத் தங்குமிடம் அதுவே.