பிரைட் சைஸ் லைஃப்: கிற்றாரைக் கேட்பதா, பேஸைக் கேட்பதா?

உவர்மலை வாசி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க ஜாஸ் கிற்றார்க் கலைஞர் பேட் மெத்தனியின் முதல் இசைத்தட்டான ‘பிரைட் சைஸ் லைஃப்’ பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். அவருக்கு 21 வயதாக இருந்தபோது, 1975 டிசெம்பரில் ஜேர்மனியின் லூட்விக்ஸ்பேர்க் நகரில் ஒலிப்பதிவாகி, மறு ஆண்டு ஈ.சி.எம். என்னும் இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடாக வந்த அத்தட்டில் கிற்றார், பேஸ் என்னும் தாழ்சுரக் கிற்றார், ட்ரம்ஸ் ஆகிய மூன்றே வாத்தியங்கள் உள்ளன. மூன்று வாரமாக இரவுகளில் அதைக் கேட்டு வருகிறேன். கிற்றாரின் பின்னால் போக முயலும்போதெல்லாம் ஜாக்கோ பஸ்டோரியஸின் பேஸ் என் காதைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கிற்றார்க் கலைஞர் ஒருவரின் பெயரில் வந்த தட்டுக்கு இது குறையா, அல்லது கோயில் நாதஸ்வரமும் வானொலிக் கச்சேரிகளும் கேட்டு வளர்ந்த என் காது எதையோ தவறவிடுகிறதா? பியானோ இல்லாத இடத்தில் ஒரு வெறுமையும் எனக்குத் தெரிகிறது.

நிலாவெளிக் கரை:
தம்பி, உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. வீணையின் தண்டில் சுரங்களைப் பிரிக்கும் மெட்டுகள் இருப்பதைப் போலக் கிற்றாரிலும் வழக்கமான பேஸிலும் மெட்டுகள் உண்டு. ஜாக்கோ வாசித்ததோ மெட்டில்லாத பேஸ். கோட்டு வாத்தியத்தில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்ல முடிவதைப் போல அதிலும் முடியும் என்பதால், கமகத்துக்குப் பழகிய காது முதலில் அந்தப் பக்கம் சாய்வது இயல்பே. மெட்டுகளை நீக்கிய தம் பேஸின் மரத்தை உலோகத் தந்திகள் அராவிவிடாமல் இருக்க, படகுகளுக்குப் பூசும் எபொக்சி என்னும் பிசினை அவர் பூசியிருந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. எங்கள் கரையில் படகு பழுதுபார்க்கும் இடத்தைக் கடக்கையில் அந்தப் பூச்சின் காரமான வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த பேஸின் நினைவு வருகிறது. மரம் கண்ணாடிபோல் இறுகியதால்தான் சுரம் மங்காமல், பாடும் குரலைப் போல நீண்டு நிற்கிறது.

வெறுமை என்று நீங்கள் சொல்வதை நான் இடம் என்று சொல்வேன். பியானோ இருந்திருந்தால் சுரக்கூட்டுகளை அது நிரப்பியிருக்கும். பேஸ் கீழே தாங்கி நிற்பதோடு நின்றிருக்கும். இங்கே அந்த வேலையைக் கிற்றாரும் பேஸும் பகிர்ந்துகொள்வதால், தலைப்பு உருப்படியில் மெத்தனியின் கிற்றார் தொலைதூரச் சுரங்களுக்குத் தாவும்போது கீழே பேஸ் தனக்கென்று வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகிறது. ஒரு முறை பேஸை மட்டும், மறுமுறை ட்ரம்ஸ் வாசிக்கும் பொப் மோசஸின் சிம்பல்களை (உலோகத் தட்டுகளை) மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். மூன்றாம் முறை கிற்றார் தானாக வந்து சேரும்.

மூதூர் இரசிகன்:
அண்ணையின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் தட்டு குறையற்றது என்று சொல்ல என்னால் முடியவில்லை. மோசஸின் தோல் வாத்தியங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டுள்ளன என்பதும், தயாரிப்பாளர் மான்ஃப்ரெட் ஐக்கருக்கு உரிய அந்த எதிரொலி நிறைந்த ஒலியில் தாளத்தின் அடி சற்று மென்மையாகிவிடுகிறது என்பதும் என் கருத்து. தவில் கேட்ட காதுக்கு இது பெரிய குறை. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், அதே 1975 இல் டொரொன்டோவில் கிற்றார்க் கலைஞர் ஜிம் ஹோல், பேஸ் வாசித்த டொன் தொம்சன், ட்ரம்ஸ் வாசித்த டெரி கிளார்க் ஆகியோருடன் மேடையில் வாசித்த மூவர் இசைத்தட்டைக் கேளுங்கள். அங்கே ஹோல் குறைவான சுரங்களையே வாசித்துவிட்டு, மற்ற இருவரும் பேசக் காத்திருக்கிறார். அவர்கள் எடுத்துக்கொண்டவை ஜாஸ் உலகில் பலரும் வாசிக்கும் பழைய பாடல்கள். மெத்தனியின் எட்டு உருப்படிகளில், சாக்ஸபோன் கலைஞர் ஓர்னெட் கோல்மனின் இரண்டை இணைத்த கடைசி ஒன்றைத் தவிர ஏனைய ஏழும் அவரே இயற்றியவை. 21 வயதில் அது பெரிய துணிவு என்பதை மறுக்கமாட்டேன்.

உப்புவெளி:
‘யூனிட்டி வில்லேஜ்’ உருப்படியை யாரும் குறிப்பிடவில்லையே! அதில் பேஸும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. மெத்தனி தம் வாசிப்பின் மீதே இன்னொரு கிற்றாரைப் பதிந்திருக்கிறார். கிற்றாரை மட்டும் கேட்க விரும்புபவர் அதிலிருந்து தொடங்கலாம்.

உவர்மலை வாசி:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதலில் ‘யூனிட்டி வில்லேஜ்’, பிறகு தலைப்பு உருப்படி என்ற வரிசையில் கேட்டேன். கிற்றாரை மட்டும் கேட்ட பிறகு பேஸ் உள்ளே வந்தபோது அது இடையூறாகத் தோன்றவில்லை. அதுவரை இல்லாமலிருந்த ஒருவர் வந்து அமர்ந்ததைப் போல இருந்தது. மூதூர் அண்ணை சொன்ன தாளக் குறை எனக்கும் படுகிறது. ஜிம் ஹோலின் தட்டை இந்த வார இறுதியில் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.