புதுப்பிப்பு: 6×6 நெகட்டிவும் பச்சையடித்த பிரிண்டும்

முன்பு இரண்டு சந்தேகம் கேட்டிருந்தேன். பிளாட்பெட் ஸ்கேனரில் 6×6 (சுமார் 6 செ.மீ. சதுர) ஃபிலிம் நெகட்டிவை ஸ்கேன் செய்தால் நடுப்பகுதி மட்டும் ஏன் மங்குகிறது? கறுப்பு-வெள்ளை பிரிண்ட் வெயிலில் சரியாக இருந்துவிட்டு டியூப்லைட்டில் ஏன் பச்சையடிக்கிறது? இரண்டுமே தீர்ந்தது, பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

மங்கலுக்குக் காரணம் ஃபிலிமின் தொய்வுதான். 6×6 படம் எடுக்கும் 120 ரக ஃபிலிம் அகலமானது. ஸ்கேனரின் ஃபிலிம் ஹோல்டர் ஓரத்தை மட்டுமே பிடிக்கிறது. மேலே ஏஎன்ஆர் கண்ணாடி (நியூட்டன் வளையம் என்ற வண்ண வளையங்கள் வராமல் தடுக்கும் கண்ணாடி) வைத்ததும் மூலைக்கு மூலை கூர்மை வந்துவிட்டது. அதன் சொரசொரப்பான பக்கம் ஃபிலிமின் பளபளப்பான முதுகைத் தொட வேண்டும். சாதாரணக் கண்ணாடி என்றால் மழைத் தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் மாதிரி நியூட்டன் வளையங்கள் வந்து நிற்கும். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஒரு பக்கத்துக்குச் சுமார் 5,300 பிக்சல் கிடைக்கிறது. 15 அங்குல பிரிண்டுக்கு அது தாராளம்.

டிஜிட்டல் ஐஸ் (அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் ஸ்கேனர் வசதி) போடச் சொன்னவர்களுக்கு: ஹெச்பி5 போன்ற கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் அது ஆகாது. படமாக நிற்கும் வெள்ளியே அகச்சிவப்பை மறிப்பதால், படத்தையே தூசி என்று நினைத்து அழித்துவிடும். தூசிக்குக் காற்றடிக்கும் ப்ளோயரும் பொறுமையும்தான் வழி.

பச்சைக்கு மருந்து, எப்சன் பிரிண்டரின் டிரைவரிலேயே இருக்கும் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் வொய்ட்’. வண்ண மைகளை வைத்துச் சாம்பல் கலக்காமல், பெரும்பாலும் கறுப்பு, சாம்பல் மைகளாலேயே அச்சடிக்கிறது. மேட் (பளபளப்பில்லாத) காட்டன் பேப்பரில் மட்டும், படத்தில் உள்ள கறுப்புக் குடைத்துணியின் மடிப்புகள் ஒரே கறுப்பாக ஒன்றோடொன்று அடைத்துக்கொள்கின்றன. அதனால் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தூக்கிவிட்டேன். அடுத்து பாரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள) பேப்பரில் முயற்சி.